ஆடு ஏறாத வீடு

வீடு கட்டுகிறவர்கள் இஞ்சினியரிடம் என்ன கேட்பார்கள்? ஹால் பெரிதாக வேண்டும், மாடிப்படி உள்ளேயே வர வேண்டும், அடுப்படியில் கிரானைட் போட வேண்டும் என்று கேட்பார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஆடு ஏறாத வீடு வேண்டும் என்று கேட்டேன்.

இஞ்சினியர் சுடலைக்குமார் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பாளையங்கோட்டைப் பையன். கோவில்பட்டியில் ஒரு மாடியில் புதிதாக ஆபீஸ் போட்டிருந்தான். கட்டாத வீட்டைக் கம்ப்யூட்டரில் சுற்றிச் சுற்றிக் காட்டுவான். அந்தப் படத்தில் சோபாவில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

"வாஸ்துப்படி சொல்லுதீங்களாம்மா?" என்று கேட்டான்.

"வாஸ்துவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல தம்பி. ஆடு. நாலு காலு, ரெண்டு கொம்பு. அது ஏறக் கூடாது."

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் மாயகிருஷ்ணன் பல்லைக் காட்டினார். "அவ சும்மா வெளையாட்டுக்குச் சொல்லுதா தம்பி. நீங்க ஹாலு அளவைப் போடுங்க."

"யாரு வெளையாடுதா? எழுதுங்க தம்பி. முதல்ல அதை எழுதுங்க. பெறவு ஹாலைப் போடலாம்."

எனக்கு ஏன் இந்த வெறி என்று கேட்பீர்கள். நான் பிறந்தது ஆட்டுக்கார வீடு. வாக்கப்பட்டதும் ஆட்டுக்கார வீடு. தாலி ஏறின அன்றைக்கே ஒரு கிடா என் பட்டுச்சேலை முந்தியைத் தின்றது. கல்யாண போட்டோவில் என் தோளுக்குப் பின்னால் அந்தச் சவம் மென்றுகொண்டு நிற்கும். மகள் கிருஷ்ணப்ரியாவின் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டை ஒரு ஆடு தின்றது. வீட்டில் நாங்கள் மூன்று பேர், ஆடு அறுபதுக்கு மேல். வாசலில் ஆடு, கட்டிலுக்கடியில் குட்டி, உலையில் வைக்கிற தண்ணீரில்கூட ஒரு புழுக்கை மிதக்கும்.

அதெல்லாம் போகட்டும். வாடை இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியாது. எட்டயபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், பக்கத்து சீட்டுக்காரி முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்புவாள். எத்தனை சோப்புப் போட்டுத் துவைத்தாலும், எவ்வளவு மல்லிகைப்பூ வைத்தாலும் திரும்பத்தான் செய்வாள். அந்த நேரத்தில் பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடலாம் போல இருக்கும். இறங்கியும் இருக்கிறேன். வேகாத வெயிலில் நடந்தும் வந்திருக்கிறேன். சாவதற்குள் ஆட்டு வாடை இல்லாத ஒரு வீட்டில் படுத்து எழுந்திருக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டின கரிசல் காட்டைக் கூறுபோட்டுக் கல் நட்டு, ஒரு 'நகர்' என்று பெயர் வைத்து விற்றார்கள். மகளும் மருமகனும் தூத்துக்குடியில் இருக்கிறார்கள். அவர்கள்தான் "அம்மாவுக்கு ஒரு வீடு கட்டித்தான் ஆகணும்" என்று ஒற்றைக்காலில் நின்று மனையை வாங்க வைத்தார்கள். ஏற்பாடு என்னவென்றால், ஆடுகள் ஊரில் பழைய வீட்டுக் கொட்டிலிலேயே கிடக்கும். வீட்டுக்காரர் பகலில் மேய்த்து, சாயங்காலம் அங்கே அடைத்து, அங்கேயே குளித்துவிட்டுப் புது வீட்டுக்கு வர வேண்டும். குளிக்காவிட்டால் வரக் கூடாது.

சுடலைக்குமார் முதலில் போட்ட பிளானில் வாசலுக்கு நாலு படி. "ஒவ்வொரு படியும் ஒரு அடி ஒசரம்மா. ஆடு ஏறவே ஏறாது" என்றான் போனில்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் மணியாச்சியை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவன் ஆபீசுக்குப் போனேன். மணியாச்சி என்பது எங்கள் வெள்ளாடு. மணியாச்சியில் வாங்கினதால் அதற்கு அந்தப் பேர். செம்மறிக் கூட்டத்துக்கெல்லாம் அதுதான் தலைவி. அது போகிற வழியில்தான் மற்றதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போகும்.

"இதை எதுக்கும்மா கூட்டிட்டு வந்தீங்க?" என்று சுடலைக்குமார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

"நான் எங்க கூட்டிட்டு வந்தேன்? எனக்கு முன்னால அதுதான் மாடி ஏறி வந்துச்சு. உங்க மாடிப்படி எத்தனை அடி தம்பி?"

அவன் பதில் சொல்வதற்குள் மணியாச்சி நாற்காலியில் ஏறி, நாற்காலியிலிருந்து மேஜையில் ஏறி, எங்கள் வீட்டுப் பிளானை மூலையிலிருந்து தின்ன ஆரம்பித்துவிட்டது. போர்ட்டிகோவும் பாத்ரூமும் போய்விட்டன. மிச்சத்தை நான் பிடுங்கினேன்.

அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைக்கு ரோஷம் வந்தது. "இனி பாருங்கம்மா. நானா இந்த ஆடான்னு பாத்துருதேன்" என்று புதிதாக வரைந்தான். பேஸ்மட்டம் ஆள் தோள் உயரம். ஏறுவதற்கு ஒரு ஆள் மட்டும் போகிற ஒடுக்கமான படி, படிக்குக் கீழே இரும்புக் கேட். சன்னல் திண்டெல்லாம் சரிவு, ஆடு கால் வைத்தால் வழுக்க வேண்டும். சுற்றிலும் காம்பவுண்டு, அதற்கும் ஒரு கேட்.

"கரிசல்ல பேஸ்மட்டத்தை ஒசத்துதது எப்பவும் நல்லதும்மா. எம்புட்டு மழை பெஞ்சாலும் வீடு காஞ்சு கெடக்கும்" என்றான். அவன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்று அப்போது நினைத்தேன். மண்ணைத்தான் போட்டிருக்க வேண்டும்.

வேலை நடந்தது. பில்லருக்குக் குழி தோண்டினால் கரிசல் போய்க்கொண்டே இருக்கிறது. அடியில் சுக்கான் பாறை தட்டும் வரைக்கும் தோண்டி, அங்கேயிருந்து கம்பி கட்டித் தூக்கினார்கள். பேஸ்மட்டம் எழும்ப எழும்ப ரோட்டில் போகிற சனமெல்லாம் வண்டியை நிறுத்திப் பார்த்தது. "என்ன கட்டுதீங்க, வாட்டர் டேங்க்கா?" என்று ஒருத்தர் கேட்டார். "ரேஷன் குடோன் வருதாம்லா" என்று இன்னொருத்தர் ஊருக்குள்ளே போய்ச் சொல்லிவிட்டார். கொத்தனார் இசக்கிதுரை மட்டும் தினமும் ஒரு தடவை சாரத்தில் நின்றபடி, "ஏக்கா, பாம்புக்குப் பயந்து ஒசத்துவாவ, வெள்ளத்துக்குப் பயந்து ஒசத்துவாவ. ஆட்டுக்குப் பயந்து ஒசத்துனது நீங்க ஒராளுதான்" என்பான்.

"உம்ம வேலையைப் பாரும்" என்பேன். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கென்ன?

மேல் கான்கிரீட் போட்டு, சுவர் எழுப்பி, கதவு, சன்னல், கேட் எதுவும் மாட்டாமல் நின்ற நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அது என்ன மழை! வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கரிசல் காட்டில் மழை பெய்தால் தெரியுமா? மண் களியாகிவிடும். செருப்போடு ஒரு எட்டு வைத்தால் பாதிக் காடு காலோடு கிளம்பி வரும். வேலை நின்றது. அந்த நேரம் பார்த்துப் பேரனுக்குக் காய்ச்சல் என்று நான் தூத்துக்குடிக்குப் போக வேண்டியதாயிற்று.

அங்கேயிருந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"மழை எப்படி இருக்கு?"

"கொட்டுது ரெங்கு."

"ஆடெல்லாம்?"

"அதுகளுக்கு என்ன, நல்லாக் காஞ்ச எடத்துல ராசா மாதிரி கெடக்குதுக."

பின்னால் 'ம்ம்மே' என்று ஒரு சத்தம். சத்தம் என்றால் சாதாரணச் சத்தமில்லை. கல்யாண மண்டபத்துக்குள் மைக்கில் கத்தினது மாதிரி கணீரென்று திரும்பித் திரும்பிக் கேட்டது.

"என்னது, ஆடு கத்துதது இப்படி எதிரொலிக்கி?"

"டவர் சரியில்லட்டி" என்று போனை வைத்துவிட்டார்.

எங்கள் கொட்டிலுக்கு மேலே ஓலை. ஓலைக்கு ஏது எதிரொலி? பேரனுக்குக் காய்ச்சல் விட்டதும் பஸ் ஏறி, ஊருக்குப் போகாமல் நேரே நகரில் இறங்கினேன்.

நான் பார்த்ததைச் சொல்லுகிறேன், கேளுங்கள். ஹால் நிறையச் செம்மறி. பூசை அறையில் குட்டிகள். பாத்ரூமில் கிடா, உள்ளே யாரும் வரக்கூடாது என்பது போல் குறுக்கே நிற்கிறது. சமையல் மேடையில் மணியாச்சி. கிரானைட் போட வேண்டிய இடத்தில் கால் நான்கையும் மடக்கி உட்கார்ந்து அசை போடுகிறது. மாஸ்டர் பெட்ரூமில் சிமெண்ட் சாக்கை விரித்து என் வீட்டுக்காரர் குறட்டை விடுகிறார். அவருடைய தொடையில் ஒரு குட்டி தலை வைத்துப் படுத்திருக்கிறது.

எப்படி ஏறியது என்கிறீர்களா? சித்தாள்கள் சட்டி சுமந்து ஏறுவதற்குப் பலகையைச் சரிவாகப் போட்டிருந்தார்கள். அதில்தான் ராஜநடை நடந்து ஏறியிருக்கிறது.

"ஏங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கிடாகூட பாத்ரூமை விட்டு வெளியே வந்துவிட்டது.

அவர் எழுந்து கண்ணைக் கசக்கினார். "கோவப்படாத ரெங்கு. ஊருல கொட்டிலுக்குள்ள முழங்கால் தண்ணி. ஈரத்துல நின்னா குளம்பு அழுகிருமா இல்லையா? இந்தச் சுத்துவட்டாரத்துலயே இங்கன மட்டுந்தான் ஒசரமா, காஞ்சு கெடக்கு. சும்மா ரெண்டு நாளைக்குத்தான்னு நெனச்சேன்."

"ஆடு ஏறக் கூடாதுன்னுதான ஒசத்துனேன்! ஒசத்துனதாலதான் ஏறியிருக்கு! என்னை எந்தச் சுவத்துல முட்டச் சொல்லுதீங்க?"

"பில்லர் உள்ள சுவத்துல முட்டாத. கெட்டியா இருக்கும்" என்றார். அவருக்கு அது ஆறுதலாம்.

அதற்கப்புறம் அவரோடு நான் பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுக் கரண்டியால் தட்டைத் தட்டுவேன், வந்து சாப்பிடுவார். மனுஷருக்கு உறைத்துவிட்டது. மழை விட்டதும் ஊர்க் கொட்டிலில் லோடு லோடாகச் சரளை அடித்து மேடாக்கினார். புது வீட்டை ஒவ்வொரு அறையாகத் தானே கழுவினார், பினாயில் வாங்கி வாங்கிக் கடைக்காரருக்கே அலுத்துப்போயிற்று. டைல்ஸ் வந்தது, பெயின்ட் வந்தது, கதவும் கேட்டும் வந்தன. கடைசியில் ஒருநாள் உள்ளே போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன். பெயின்ட் வாடை. தேக்கு மர வாடை. வேறு ஒன்றும் இல்லை. ஹால் நடுவில் உட்கார்ந்து அழுதே விட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் ஆட்டுக்கு யார் சொல்லுவது? மேய்ச்சல் முடிந்து திரும்புகிற வழியில்தான் நகர் இருக்கிறது. தினமும் பொழுது சாயும்போது மணியாச்சி ரோட்டை விட்டு வலது பக்கம் திரும்பும். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் என் கேட்டுக்கு முன்னால் நிற்கும். ரேஷன் கடை வாசலில் நிற்கிற சனம் தோற்றது. மணியாச்சி முன்னங்கால் ரெண்டையும் கேட்டில் வைத்து உள்ளே பார்த்துக் கத்தும்.

"அதுகளுக்கு என்ன தெரியும் ரெங்கு? மழையில நம்ம இங்கனதான படுத்தோம், இப்பம் ஏன் பூட்டிட்டாவன்னு கேக்குதுக" என்பார் வீட்டுக்காரர். குரலே தழுதழுக்கும்.

"நீங்க அதுகளுக்கு வக்காலத்து வாங்காதீங்க. பால்காய்ச்சு அன்னைக்கு ஒத்த ஆடு இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. ஊருலயே அடைச்சுப் பூட்டிருங்க."

என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

தை மாதம் நாள் பார்த்தோம். காலையிலேயே பந்தல், மைக் செட், சொந்தபந்தம். ஆளுக்கொரு சுவர்க்கடிகாரத்தோடு வந்தார்கள். சுடலைக்குமாரும் ஒரு கடிகாரம் கொண்டுவந்தான். வீட்டுச் சாமான்களை ஏற்றின டெம்போ ரோட்டோரம் நின்றது. பசுவும் கன்றும் முதலில் நுழைய வேண்டும், அதற்கப்புறம் நான் பால் பானையோடு நுழைய வேண்டும். பசு வந்தது. வந்த பிறகுதான் யாருக்கும் தோன்றாத ஒரு விஷயம் தோன்றியது. தோள் உயரப் பேஸ்மட்டத்தில், ஆள் மட்டும் போகிற படியில், பசு எப்படி ஏறும்?

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது என்று அவருக்கே குழப்பம். "நல்ல நேரம் போயிண்டிருக்கு. சட்டுனு ஏதாவது பண்ணுங்கோ" என்றார்.

இசக்கிதுரை எங்கேயோ போய்ப் பழைய பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். படிக்குப் பக்கத்தில் சரிவாகப் போட்டான், மேலே சாக்கு விரித்தான். பசு அதை ஒரு பார்வை பார்த்தது. ஏறவில்லை. முன்னால் கீரைக்கட்டைக் காட்டினார்கள். கீரையைத் தின்றது, ஏறவில்லை. நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். அது சாணி போட்டது. சுடலைக்குமார் பேன்ட்டில் விழுந்தது.

"லட்சுமிகரம்" என்றார் ஐயர்.

அந்த நேரத்தில் ஓட்டப்பிடாரத்திலிருந்து என் வீட்டுக்காரரின் தங்கச்சி சொர்ணத்தாய் வந்து இறங்கினாள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்தாள்.

"நல்லா இருக்கு அண்ணே உங்க நியாயம்! பையை வைக்கலாம்னு ஊரு வீட்டுக்குப் போனேன். கொட்டிலைப் பூட்டி வச்சிருக்கிய. ஆடெல்லாம் தொண்டை கிழியக் கத்துது. நல்ல நாளும் அதுவுமா வாயில்லா சீவன் பட்டினி கெடக்கலாமா?"

"நீ என்ன செஞ்ச சொர்ணம்?" என்று கேட்டேன்.

"தெறந்து விட்டுட்டேன் மதினி."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. ரோட்டுப் பக்கம் புழுதி கிளம்பியது. முன்னால் மணியாச்சி, பின்னால் மொத்தக் கூட்டம்.

"கேட்டைச் சாத்துங்க! ஏலே, கேட்டைச் சாத்துங்கலே!" என்று கத்தினேன். எங்கே சாத்துவது? காம்பவுண்டு கேட்டுக்கு நடுவில் பசு நிற்கிறது. முன்னாலும் போக மாட்டேன் என்கிறது, பின்னாலும் வர மாட்டேன் என்கிறது. ஆடுகள் பசுவின் வயிற்றுக்கடியில் புகுந்து, கால்களுக்கு நடுவில் புகுந்து, பலகையில் ஏறின. மழைக்காலத்தில் ஏறிப் பழகின பலகைதானே. வழி கேட்க வேண்டியதே இல்லை. பந்தலில் எழும்பின ஹோமப் புகைக்குள் செம்மறிகள் போய்க்கொண்டே இருந்தன. ஐயர் தாம்பாளத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "முடிஞ்சுதா? முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

உள்ளே போய் ஒன்றாவது தடுமாற வேண்டுமே! ஹாலுக்கு உரியது ஹாலில் படுத்தது. குட்டிகள் பூசை அறைக்குப் போயின. கிடா தலையால் முட்டித் திறந்து பாத்ரூமுக்குள் போனது. மணியாச்சி ஒரே தாவில் கிரானைட் மேடையில் ஏறி, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. இதையெல்லாம் பார்த்த பசு, சரி, பயமில்லை போல என்று நினைத்ததோ என்னவோ, தானாகவே பலகையில் ஏறி உள்ளே போய்விட்டது.

"பாத்தேளா, பசு ஏறிடுத்து!" என்று ஐயர் கையைத் தட்டினார்.

"வெரட்டுங்க, எல்லாத்தையும் வெரட்டுங்க!" என்று நான் விளக்குமாற்றைத் தேடினேன். அதற்குள் மாஸ்டர் பெட்ரூமிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது. சொர்ணத்தாய்தான். ஓடிப்போய்ப் பார்த்தால், மருமகன் ஆசையாக வாங்கிப் போட்ட கட்டிலுக்குக் கீழே ஒரு செம்மறி குட்டி போட்டிருக்கிறது. ஒன்றல்ல, ரெண்டு. பளபளக்கிற டைல்ஸில் எழுந்து நிற்கப் பார்த்து வழுக்கி வழுக்கி விழுகின்றன.

கூட்டத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பால் காய்ச்சுத அன்னைக்குக் குட்டி போட்டிருக்கு. இதைவிட என்ன வேணும்?" என்கிறார் ஒருத்தர். "எட்டூருக்கு இப்படி ஒரு ராசியான வீடு கெடையாது" என்கிறார் இன்னொருத்தர். மைக் செட்காரன் பாட்டை இன்னும் உரக்க வைத்தான்.

சொர்ணத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, நம்ம குடும்பத்து வழக்கம் தெரியும்லா? குட்டி புல்லு கடிக்குத வரைக்கும் பெறந்த எடத்தைவிட்டுத் தாயையும் புள்ளையையும் மாத்தக் கூடாது. அதுவும் பால்காய்ச்சு வீட்டுல. மாத்துனா கூட்டமே அழிஞ்சுரும்."

"தாயும் புள்ளையும் இருக்கட்டும். மத்தது?"

"ஒத்தையா விட்டா தாய்க்குப் பால் இறங்காதுல்லா ரெங்கு" என்றார் என் வீட்டுக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. "கூட்டம் பக்கத்துல இருக்கணும்."

ஹாலில் படுத்திருந்த ஆடுகளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் வயிறு தள்ளிக் கிடந்தன. இது குட்டி புல் கடிப்பதற்குள் அது போடும், அது கடிப்பதற்குள் இன்னொன்று போடும். எனக்கு விளங்கிவிட்டது. சுடலைக்குமார் சாணிப் பேன்ட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றான். "பலகை என் பிளான்லயே இல்லம்மா" என்றான். பாவம், அவனுக்கும் அழுகை வருகிற மாதிரி இருந்தது.

என் கையில் பால் பானை அப்படியே இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் மணியாச்சி. எத்தனை வருஷமாகக் கண்ட ஆசை! எல்லாருக்கும் முன்னால் ஓவென்று அழுதுவிடுவேன் என்று பயந்து வாசலுக்கு வந்து ரோட்டுப் பக்கம் திரும்பினேன். அங்கே டெம்போ நின்றது. என் பீரோ, என் கிரைண்டர், என் பாத்திரபண்டம் எல்லாம் அதில். அப்போதுதான் மண்டையில் பளிச்சென்று பட்டது. ஆடெல்லாம் இங்கே இருக்கிறது. ஒன்று பாக்கியில்லாமல் இங்கே இருக்கிறது. அப்படியானால் அங்கே?

பானையோடு இறங்கிப் போய் டெம்போவில் ஏறி உட்கார்ந்தேன். "வண்டியைத் திருப்பு" என்றேன் டிரைவரிடம்.

"எம்மா, எங்கம்மா போற?" என்று கிருஷ்ணப்ரியா ஓடிவந்தாள்.

"என் வீட்டுக்கு. வாரதுன்னா ஏறு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பேரனைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

ஊர் வீட்டு வாசலில் ஒரு ஆடு இல்லை. அந்த வாசலை நான் காலியாகப் பார்த்ததே கிடையாது. கொட்டிலைக் கூட்டி, குப்பையை அள்ளிக் காட்டில் கொட்டி, நாலு வண்டித் தண்ணீர் இறக்கிக் கழுவினோம். பினாயில் ஊற்றினோம். வீட்டுக்குள்ளே சுண்ணாம்புச் சுவரைத் தேய்த்தோம், சாம்பிராணி போட்டோம். பொழுது இறங்கும் நேரத்துக்கு வாசல் முழுக்கப் பெரிய கோலம் போட்டேன். போட்ட கோலத்தை மிதிக்க யாரும் வரவில்லை. அடுப்பைப் பற்றவைத்துப் பாலைக் காய்ச்சினேன். பொங்கி வழிந்தது. நானும் மகளும் குலவை போட்டோம். பேரன் கைதட்டினான். ஐயரும் இல்லை, மைக் செட்டும் இல்லை, நல்ல நேரமும் முடிந்திருக்கும். எனக்கு அது போதும். சாம்பிராணியும் பால் வாசமும்தான் வீடு நிறைய. சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்துபோனேன்.

விளக்கு வைத்த பிறகு வாசல் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"யாரு?" என்றேன், தெரிந்துகொண்டே.

"நாந்தாம்ட்டி."

கதவை ஒரு சாண் மட்டும் திறந்தேன். என் வீட்டுக்காரர் பட்டுவேட்டி கசங்கி நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்ன வேணும்?"

"அங்கன இருக்க முடியல ரெங்கு. மேல கான்கிரீட்டு, நாலு பக்கமும் சுவரு. கதவைச் சாத்துனா வாடை மூக்கை அறுக்கு, கொடலைப் பெரட்டுது. ஆட்டையெல்லாம் உள்ள அடைச்சுட்டு வெளிய வந்து வாந்தி எடுத்துட்டேன்." மூச்சு வாங்கினார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "இத்தனை வருசம் எப்படிட்டி இதுக்குள்ள கெடந்த?"

தாலி கட்டின நாளிலிருந்து இந்த மனுஷர் கேட்காத கேள்வி. கண்ணீர் பொலபொலவென்று இறங்கியது. அவர் பார்த்துவிடக் கூடாதே என்று திரும்பிப் போய், சோப்பும் துண்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

வந்து பார்த்தால், அவருக்குப் பின்னால் மணியாச்சி நிற்கிறது.

"நான் கூப்பிடல. அதுவாத்தான் வந்துச்சு" என்றார்.

நான் சோப்பையும் துண்டையும் கதவிடுக்கு வழியாக நீட்டினேன். "குழாயடியில போய் நல்லாத் தேய்ச்சுக் குளிங்க. வேட்டியை வெளியவே போட்டுருங்க. உள்ள ஒரு ஆளுக்குத்தான் எடம்."

அவர் மணியாச்சியைப் பார்த்தார். பிறகு சோப்பை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.